ஆள் தருவிக்கும் அன்பருக்கு

சிங்கப்பூரில் சிறிய அளவில் கட்டட ஒப்பந்தத் தொழில் நடத்தி வரும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஊரிலிருந்து நான்கு ஆட்களைத் தருவிக்கப் போகிறாராம். "இங்கே சட்டங்கள் ஏராளம். படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. எது முக்கியம் என்று சுருக்கமாகச் சொல்லக்கூடாதா?" என்று கேட்டிருந்தார். நாம் வக்கீல் அல்ல. ஆயினும் இந்தப் பக்கத்தை வாசிக்கும் குடும்பங்களில் அக்கரையில் தொழில் நடத்துகிறவர்களும் உண்டு. அக்கரைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருப்பவர்களும் உண்டு. ஆகையால் பதிலை இங்கேயே எழுதிவிடுகிறோம்.

முதலில் ஒரு பழைய கதை. மலாய் நாட்டுத் தோட்டங்களுக்குத் தமிழ் ஆட்கள் போன காலத்தில், 1907-ஆம் வருஷம், குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தினார்கள். முதலாளிமார் தங்களிடம் வேலை செய்யும் ஆட்களின் கணக்குப்படி அதில் பணம் கட்ட வேண்டும். ஆட்களின் கப்பல் கூலி அந்த நிதியிலிருந்து போயிற்று. அந்தக் காலத்துத் தோட்ட வாழ்வைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதன் அவலங்களை எழுத இந்தப் பத்திரிகை முழுவதும் போதாது. 1938-இல் இந்திய சர்க்காரே ஆள் அனுப்புவதைத் தடுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் பிரயாணச் செலவு யார் தலையில் விழ வேண்டும் என்ற கேள்விக்கு அன்று ஒரு விடை இருந்தது.

இன்றும் சிங்கப்பூர் முதலாளி ஆளுக்கு இவ்வளவு என்று கட்டத்தான் செய்கிறார். கட்டட வேலைக்கு வரும் இந்தியத் தொழிலாளிக்கு 2024-ஆம் வருஷம் முதல், தேர்ச்சி மிகுந்தவரானால் மாதம் 500 வெள்ளி, அடிப்படைத் தேர்ச்சி மட்டும் உள்ளவரானால் 900 வெள்ளி லெவி. ஆனால் இது தொழிலாளியின் பிரயாணத்துக்குச் செலவாகும் பணம் அன்று. சர்க்கார் வருமானத்தில் சேர்வது. ஆள் வந்து சேரும் செலவோ, ஏஜெண்டு கையில் அவரே கொடுத்த பணமாக இருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மனைவியின் நகையிலிருந்து, அல்லது அடகு வைத்த நிலத்திலிருந்து.

ஆகையால் நண்பரே, நான்கு பேரும் வந்தவுடன், "எவ்வளவு கடன் வாங்கி வந்தீர்கள்?" என்று கேளுங்கள். சட்டம் இதைக் கேட்கச் சொல்லவில்லை, நாம் சொல்லுகிறோம். சிங்கப்பூர் ஏஜெண்டு தொழிலாளியிடம் வருஷத்துக்கு ஒரு மாதச் சம்பளம் வீதம், மொத்தம் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது. இங்கே ஆள் சேர்ப்பவர் 1983-ஆம் வருஷத்துச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் பதிவில்லாத தரகர்கள் புகுந்துவிடுகிறார்கள். உங்கள் பெயரைச் சொல்லி யார் எவ்வளவு வாங்கினார் என்று அறிந்துகொள்வது உங்களுக்கும் நல்லது.

லெவியைத் தவிர ஒவ்வொரு ஆளுக்கும் 5,000 வெள்ளி பிணைப் பத்திரம் கொடுக்க வேண்டும். வருஷத்துக்கு 60,000 வெள்ளிக்குக் குறையாத வைத்திய இன்ஷ்யூரன்ஸ் எடுக்க வேண்டும். 2023 ஜூலைக்கு முன் 15,000 வெள்ளி போதுமாயிருந்தது. இவற்றில் ஒரு காசைக் கூடச் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. அனுமதிக் கடிதத்தில் எழுதிய சம்பளத்தை, தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதமின்றிக் குறைக்கவும் கூடாது. அந்தக் கடிதம் தமிழிலேயே அவருக்குக் கிடைக்கும், படித்துவிட்டுத்தான் வருவார். பாஸ்போர்ட்டை நீங்கள் வாங்கிப் பெட்டியில் பூட்டிக்கொள்வதும் குற்றம். "பத்திரமாக இருக்கட்டும் என்றுதான்" என்று சொல்லும் முதலாளிகளை நாம் அறிவோம். பத்திரம்தான் கவலையென்றால் ஆளுக்கு ஒரு பூட்டும் அலமாரியும் வாங்கிக் கொடுத்துவிடலாமே!

ஜாகை விஷயத்தில் 2020-ஆம் வருஷம் கற்பித்த பாடத்தை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் டார்மிட்டரிகளில் நெருக்கமாகத் தங்கியிருந்தார்கள். அங்கே கொரோனா புகுந்தபோது ஏறக்குறையப் பாதிப் பேரைப் பிடித்துக்கொண்டது. மாதக்கணக்காக வெளியே தலைகாட்ட முடியவில்லை. அதன் பிறகு, புதிதாய்க் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது என்று விதித்தார்கள். விடுதியைப் பார்க்கப் போகும்போது பகலில் போகாதீர்கள். எல்லோரும் வேலையிலிருந்து திரும்பிய இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். சமையலறையில் எத்தனை பேர் அடுப்புக்குக் காத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். சாப்பாடு வெளியிலிருந்து வருவதானால், விடியற்காலையில் பொட்டலம் கட்டிய சோறு வெயிலில் கிடந்து நண்பகலில்தான் வயிற்றுக்குப் போகிறது. இதை விசாரித்துப் பார்க்கும் முதலாளிகள் மிகச் சிலரே.

எல்லாவற்றிலும் முக்கியமானது, ஆளுக்கு அடிபட்டால் என்ன செய்வது என்பது. சாரத்திலிருந்து ஒருவர் விழுந்து கை முறிந்ததென்று வைத்துக்கொள்வோம். விபத்து நஷ்டஈட்டுச் சட்டப்படி, யார் பிழை என்று நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை. வைத்தியச் செலவும், விடுப்பு நாட்களின் சம்பளமும் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் விடுப்பானாலும், 'இலேசான வேலை' என்று டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும். இது 2020 செப்டம்பர் முதல் உள்ள விதி. ஆனால் சில இடங்களில் நடப்பது வேறு. மேஸ்திரி கூடவே வைத்தியசாலைக்குப் போய், விடுப்பு எழுதாமல் பார்த்துக்கொள்கிறார். தொழிலாளியும் வாய் திறப்பதில்லை. பெர்மிட்டை ரத்துச் செய்து ஊருக்கு அனுப்பிவிட்டால் கடனை யார் தீர்ப்பது? பெர்மிட்டு ஒரே முதலாளியோடு கட்டப்பட்டது. அது முடிவதற்கு முன், நாற்பதாவது நாளிலிருந்து இருபத்தோராவது நாள் வரைதான், பழைய முதலாளியின் சம்மதமின்றி அவர் வேறிடம் மாறலாம். இதை நீங்களே அவருக்குச் சொல்லிவிடுங்கள். அப்புறமும் உங்களிடம் தங்கினாரானால் அது உங்களுக்குப் பெருமைதானே!

நஷ்டஈடு கேட்டுவிட்டு வேலையும் இல்லாமல் காத்திருப்பவர்களுக்கு, லிட்டில் இந்தியாவில் கஃப் ரோடு பக்கம் தர்ம ஸ்தாபனம் ஒன்று 2008-ஆம் வருஷம் முதல் இலவசச் சாப்பாடு போட்டு வருகிறது. அந்த வரிசையில் நிற்பவர்களில் நம் ஜில்லாக்காரர்களும் உண்டு. உங்கள் ஆள் அங்கே போய் நிற்கும்படி விட்டுவிடாதீர்கள்.

சந்தேகம் ஏற்பட்டால், தொழிற்சங்கக் காங்கிரஸும் முதலாளிமார் சம்மேளனமும் சேர்ந்து 2009-இல் நிறுவிய குடிபெயர்ந்த தொழிலாளர் நிலையத்தில் கேட்கலாம். தொழிலாளிகளுக்கென்று ஏற்பட்டதாயினும், முதலாளிகளுக்கும் அங்கே பதில் கிடைக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு 2018 அக்டோபர் முதல் ஒரு நாள் அறிமுக வகுப்பு நடக்கிறது, தமிழிலும் உண்டு, கட்டணம் உங்களுடையது.

கடைசியாக, திரும்பும் பிரயாணம். அந்தச் செலவும் முதலாளியைச் சேர்ந்ததே. சொந்த ஊருக்குப் போக வசதியான விமான நிலையத்துக்கு டிக்கட் எடுக்க வேண்டும் என்பது விதி. உங்கள் ஆட்கள் நால்வரும் புதுக்கோட்டைப் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். சென்னைக்கு டிக்கட் சற்று மலிவாகக் கிடைக்கலாம். திருச்சிக்கே வாங்குங்கள்.