பெயர் ஓடும் நேரம்

அம்பத்தூர் ராக்கி திரையரங்கில் ரஜினி படம் வெளியாகும் நாளில், கதை தொடங்கும் முன்பே விசில் கூரையைத் தொட்டுவிடும். புள்ளி புள்ளியாக ஒளிர்ந்து எழுத்துகள் சேரும் அந்த 'சூப்பர் ஸ்டார்' டைட்டில் கார்டு, சுரேஷ் கிருஷ்ணா இயக்கி 1992இல் வந்த 'அண்ணாமலை'யில் தேவாவின் இசையோடு அறிமுகமானது. சில விநாடிகள்தான், அதைத் தவறவிடக்கூடாதென்றே அடித்துப்பிடித்து ஓடி வருகிறவர்கள் உண்டு.

மற்ற பெயர்கள்?

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் ஒப்பனை, உடை, ஸ்டில்ஸ், லேபரட்டரி என முக்கியப் பெயர்கள் முன்னாலேயே வந்துவிடும்; முடிவில் 'வணக்கம்' மட்டும். இன்றோ லைட்மேன், செட் உதவியாளர் பெயர்கள் கடைசியில் பொடி எழுத்தில் ஓடுகின்றன. அதற்குள் அரங்கில் விளக்கு எரிந்து, கூட்டம் வண்டி எடுக்கக் கிளம்பிவிடுகிறது.

பூந்தமல்லி அருகே இவிபி பிலிம் சிட்டியில் 2020 பிப்ரவரி 19 இரவு, 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். அப்படி உயிரைப் பணயம் வைத்து உழைப்பவர்களின் பெயர்கள்தான் இருக்கைகள் காலியான பிறகு ஓடுகின்றன. இது அநியாயம்.

இயக்குநர்களே, அந்தப் பெயர்களை முன்னால் கொண்டுவாருங்கள். திரையரங்குக்காரர்களே, கடைசிப் பெயர் மறையும்வரை விளக்கைப் போடாதீர்கள்.