பயிற்சி ஆசிரியருக்கு அருகில் யார்?

பி.எட். படிப்பு 2 ஆண்டுகளானபோது பள்ளிப் பயிற்சியும் நீண்டது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகள்படி மொத்தம் 20 வாரம். அதில் 16 வாரம் இரண்டாம் ஆண்டில். ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரில் ஆசிரியர் கல்வி பயிலும் முதுநிலை மாணவர்களும் ஏறத்தாழ 5 மாதம் பள்ளியில் இருக்கிறார்கள். அந்நகரம் அமைந்துள்ள மாநிலத்தில் 2015 முதல் இதுதான் நடைமுறை. பட்டம் பெற்றபின் 18 மாதப் பணிப்பயிற்சி தனியே உண்டு என்றாலும், படிக்கும் காலத்தை மட்டும் பார்த்தால் வாரக்கணக்கில் நமக்குக் குறையில்லை.

அந்த வாரங்களில் என்ன நடக்கிறது என்பதில்தான் குறை. நம் பயிற்சி ஆசிரியர் பள்ளிக்குள் நுழைந்ததும், விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பு அவர் தலையில் விழுகிறது. மிச்ச நேரத்தைப் பாடக்குறிப்பும் சார்ட்டும் ரெக்கார்டும் தின்றுவிடுகின்றன. செய்முறைத் தேர்வுக்கு ஆள் வரும் நாளில், ஏற்கெனவே நடத்திய பாடமே மீண்டும் அரங்கேறுகிறது. நான்காம் வரிசையில் இருக்கும் பிள்ளைக்குக் கழித்தல் ஏன் வரவில்லை என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை.

பீலெஃபெல்டில் அந்தக் கேள்விக்கு இடம் இருக்கிறது. ஆசிரியர் மேற்பார்வையில் 50 முதல் 70 பாடவேளை கற்பிக்கும் மாணவர், வகுப்பறையில் தன் கண்ணில் பட்ட ஒரு சிக்கலை எடுத்துச் சிறு ஆய்வாகவும் செய்ய வேண்டும். பருவத்தின் முடிவில் நடக்கும் உரையாடலுக்கு மதிப்பெண் கிடையாது. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். மதிப்பெண் போடுபவர் எதிரே இருந்தால், சறுக்கிய பாடத்தைப் பற்றி யார் வாய் திறப்பார்?

இந்த எண்ணத்துக்கு அந்த ஊரில் வேர் உண்டு. ஹார்ட்முட் ஃபொன் ஹென்டிக் முன்னெடுத்த 'லாபோர்ஷூலே', அதாவது ஆய்வகப் பள்ளி, 1974இல் பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தை ஒட்டித் திறக்கப்பட்டது. ஜான் டூயி 1896இல் சிகாகோவில் தொடங்கிய பள்ளியின் வழியில் வந்தது. 5 வயதில் சேரும் பிள்ளை பத்தாம் வகுப்புவரை அங்கேயே படிக்கலாம். சிறு வகுப்புகளில் பல வயதினர் சேர்ந்தே படிக்கிறார்கள். சுவர் வைத்துப் பிரிக்காத திறந்த கூடங்கள். ஒன்பதாம் வகுப்பு வரும்வரை மதிப்பெண் இல்லை. அங்கு கற்பிக்கும் ஆசிரியர்களே தங்கள் பள்ளியை ஆராய்கிறார்கள். அதற்காக அவர்களுடைய பாடவேளை குறைக்கப்படுகிறது. ஆசிரியரின் ஆராய்ச்சி ஓய்வுநேர ஆர்வமாக விடப்படவில்லை. அரசு ஊதியம் தரும் வேலையாக ஆனது.

நம்மிடமும் விதை இல்லாமலில்லை. தென்மாநிலங்களுக்கான மைசூரு மண்டலக் கல்வி நிறுவனம் தன் வளாகத்திலேயே மாதிரிப் பள்ளி நடத்துகிறது. ஆனால், நம் தனியார் கல்வியியல் கல்லூரி மாணவர்கள் போவது அக்கம்பக்கத்து அரசுப் பள்ளிகளுக்கு. அங்கிருக்கும் மூத்த ஆசிரியருக்குத் தன் வகுப்பு, தேர்வுப் பணி, இணையப் பதிவேடு எல்லாம் போக, பயிற்சிக்கு வந்தவருடன் உட்காரப் பொழுது ஏது? அவரைக் குறை சொல்வது அநியாயம்.

பயிற்சி நடக்கும் ஒவ்வொரு பள்ளியிலும் ஒருவரை வழிகாட்டி ஆசிரியராக அரசு நியமிக்கட்டும். அவருக்கு வாரத்தில் சில பாடவேளைகளைக் குறைத்து, அந்த வகுப்புகளுக்கு மாற்று ஆசிரியரும் தரட்டும். செலவு பிடிக்கும்தான். கல்லூரிகள் பயிற்சிக்கென வாங்கும் கட்டணத்தில் ஒரு பங்கைப் பள்ளிக்குத் திருப்பினால் பாரம் குறையும். செய்முறைத் தேர்வு மதிப்பெண்ணில் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, ஒரே ஒரு பிள்ளையை 16 வாரமும் கவனித்து எழுதும் குறிப்பைக் கட்டாயமாக்கலாம். அதற்கு மதிப்பெண் வேண்டாம். வழிகாட்டி ஆசிரியர் படித்து, மாணவருடன் உட்கார்ந்து பேசினால் போதும்.