பிளானை முதலில் அம்மாவிடம் காட்டுங்கள்

சிட்னியில் வீடு கட்ட நானே ஒரு பிளான் வரைந்தேன். மேலே நாலு படுக்கையறை, இரண்டு குளியலறை. கீழே ஹால், பெரிய சமையலறை, ஸ்டடி ரூம், ஒரு சின்ன டாய்லெட், இரண்டு கார் நிற்கிற கராஜ். நண்பர்களிடம் காட்டினேன். "தியேட்டர் ரூம் இல்லையா?" என்று கேட்டார்கள்.

கடைசியாகத்தான் அம்மாவிடம் காட்டினேன். 78 வயது, முழங்கால் வலி. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, நான் எங்க குளிக்கிறது?" என்றார்.

என் பிளானில் அதற்குப் பதில் இல்லை. சட்டத்திலும் முழுப் பதில் இல்லை. விக்டோரியாவில் 2024 மே முதல், புது வீடுகளுக்குப் பொதுவாகப் படியில்லாத வாசல், 820 மில்லிமீட்டர் அகலத் திறப்புள்ள கதவுகள், நுழையும் தளத்தில் கழிப்பறை, படி தடுக்காத ஒரு ஷவர் எல்லாம் கட்டாயம். ஆனால் அந்த ஷவர் கீழேதான் இருக்க வேண்டும் என்றில்லை. எங்கள் நியூ சவுத் வேல்ஸ் அந்த விதிகளையே ஏற்கவில்லை.

ஆகவே யோசிக்க வேண்டியவர்கள் நாம்தான். தாளில் திருத்த ஒரு ரப்பர் போதும். கான்கிரீட் போட்டபிறகு குழாயை மாற்ற, தரையை உடைக்க வேண்டும்.

ஸ்டடி ரூம் அம்மாவின் அறையானது. டாய்லெட் குளியலறையானது. கராஜில் ஒரு கார் இடம் போனது. போகட்டும், கார் மழையில் நனையலாம்.

நீங்களும் பிளானை வீட்டில் மூத்தவரிடம் கொடுங்கள். காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை அதில் விரலால் நடந்து பார்க்கச் சொல்லுங்கள். விரல் எங்கே தயங்கி நிற்கிறதோ, அங்கே திருத்துங்கள்.