நோய்ப் படங்களின் பிரயோஜனம்

கொரோனாவைப் பற்றிய செய்தி எதுவானாலும், அதன் பக்கத்தில் சிவப்பு முட்கள் குத்திட்டு நிற்கும் ஒரு சாம்பல் நிற உருண்டையை அச்சிட்டுவிடுவது பத்திரிகைகளின் வழக்கமாகிவிட்டது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் சித்திரக்காரர்களான அலிசா எக்கர்ட்டும் டான் ஹிக்கின்ஸும் 2020 ஜனவரியில் கணினியில் உருவாக்கிய படம் அது. ஒளியின் அலைநீளத்திலும் சிறியதான அந்தக் கிருமிக்கு நிறமே கிடையாது. சிவப்பும் சாம்பலும் அவர்கள் கற்பனையில் பூசிய வர்ணங்கள். அழகிய வேலைப்பாடுதான், சந்தேகமில்லை. ஆனால் அதைப் பார்த்தவர்களுக்குப் பயம் உண்டாயிற்றே அன்றி, செய்யவேண்டியது இன்னதென்ற தெளிவு உண்டாகவில்லை.

பெரியம்மை ஒழிப்பின்போது உலக சுகாதார ஸ்தாபனம் அச்சிட்ட அடையாள அட்டையோ வேறு ஜாதியைச் சேர்ந்தது. 1973-ன் பிற்பகுதியில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் வீடு வீடாகத் தேடப் புறப்பட்ட ஊழியர்கள், அம்மை கண்ட ஒரு குழந்தையின் படத்தைத் தாங்கிய அந்த அட்டையைப் பள்ளிப் பிள்ளைகளிடமும் சந்தைக்கு வந்தவர்களிடமும் நீட்டி, இப்படி யாரையாவது பார்த்ததுண்டா என்று விசாரித்தார்கள். முகத்திலும் கைகால்களிலும் நெருக்கமாகவும், வயிற்றிலும் மார்பிலும் குறைவாகவும், எல்லாம் ஒரே பருவத்திலும் கொப்புளங்கள் இருந்தால் பெரியம்மை. உடம்பின் நடுப்பகுதியிலே அதிகமாய், புதியதும் பழையதும் கலந்து கிடந்தால் சின்னம்மை. ஓர் எழுத்தும் அறியாத பாட்டியும் விரலால் தொட்டுச் சொல்லக்கூடிய வைத்திய சாஸ்திரம் அது. தடுப்பு மருந்தும் அதைக் குத்தும் இருமுனைக் கவட்டை ஊசியும் இல்லாமல் அட்டை மட்டும் நோயை ஓட்டிவிடவில்லை என்பது மெய்யே; ஆயினும் ஊசி எங்கே போகவேண்டும் என்பதைக் காட்டியதில் அதற்குப் பங்குண்டு. 1975 மே மாதத்தோடு இந்தியாவில் அந்நோயின் பரவல் நின்றது.

நோயுற்ற குழந்தையின் முகத்தை ஊராருக்கெல்லாம் காட்டுவது லேசான காரியமல்ல. முகமே நோயின் முக்கிய அடையாளமாயிருந்ததால் அங்கே அதற்கு நியாயம் இருந்தது. காய்ச்சல் வார்டில் துவண்டு கிடக்கும் பிள்ளையை, அதனால் வாசகர் கற்கக்கூடியது யாதொன்றும் இல்லாதபோதும், முகம் தெரியப் படம் பிடித்துப் போடுகிறோமே, அதற்கு என்ன நியாயம்?

டெங்கு காலத்தில் வெள்ளை வரி போட்ட கொசுவை ஆனையளவு பெருக்கிப் போடுவதும் இதே ரகந்தான். பறக்கிற கொசுவின் காலில் வரியை எண்ணிப் பார்த்தவர் யார்? கொட்டாங்கச்சியிலும், பழைய டயரிலும், எவரும் எட்டிப் பாராத ஃபிரிட்ஜின் பின்புறத் தட்டிலும் நெளியும் புழுவை அதன் இயல்பான அளவிலேயே படம் பிடித்து, முட்டை கொசுவாக ஏறக்குறைய எட்டுப் பத்து நாளாகும், ஆகையால் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டித் தேய்த்துக் கழுவுக என்று கீழே ஒரு வரி சேர்த்து, மழைக்கு முன்பே ரேஷன் கடைச் சுவர்களில் ஒட்டச் சுகாதார இலாகா முன்வரட்டும்; பத்திரிகைகளும் அந்தப் படத்தையே முதல் பக்கத்தில் போடட்டும்.