ஏரி பெரிசா, மதகு பெரிசா?

போன வாரம் லால்பேட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். கல்யாண வீடியோ எடுப்பவர். துபாயில் வேலை பார்க்கும் அவருடைய அத்தா, "தொழிலுக்கு நல்ல கம்ப்யூட்டரா ஒண்ணு வாங்கிக்க" என்று பணம் அனுப்பியிருக்கிறார். ரெடிமேடாக வாங்காமல், பாகம் பாகமாக வாங்கி அசெம்பிள் செய்வது என்று முடிவு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு சந்தேகம்.

"அண்ணே, இருக்கிறதிலேயே ஸ்பீடான ஸ்டோரேஜ் எது? ஜென் 5 டிரைவ் ரெண்டு வாங்கி ரெய்டு ஜீரோ போட்டுடலாம்னு இருக்கேன். சரிதானே?"

"உங்க ஊர் ஏரிக்கரைக்கு ஒரு நடை போயிட்டு வாங்க தம்பி. அப்புறம் பேசுவோம்" என்றேன்.

வீராணம் ஏரி எவ்வளவு பெரிது என்று லால்பேட்டைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏரி நிரம்பித் ததும்பினாலும், வயலுக்குப் போய்ச் சேரும் தண்ணீர் மதகும் வாய்க்காலும் விடுகிற அளவுதான். கம்ப்யூட்டரிலும் அதே கதை. டிரைவ் என்பது ஏரி. மதர்போர்டில் அதைச் சொருகும் இடம் மதகு. பிராசசர், ராம், மெமரி கார்டு எல்லாம் வாய்க்கால். எது குறுகலோ, வேகம் அதன் அளவுதான்.

முதலில் கணக்கு

பழைய ஹார்டு டிஸ்க் வினாடிக்குச் சுமார் 150 முதல் 250 எம்பி வரை தரும். சாட்டா வகை எஸ்எஸ்டி 550 எம்பி. என்விஎம்இ எஸ்எஸ்டியில் ஜென் 3 என்றால் 3,500, ஜென் 4 என்றால் 7,000, ஜென் 5 என்றால் 14,000 எம்பி வரைகூடப் போகும். பெட்டியில் பெரிய எழுத்தில் போட்டிருப்பது இந்த எண்தான். பார்த்தவுடன் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனால் அது பெரிய ஃபைல் ஒன்றை ஒரே மூச்சில் படிக்கும்போது வரும் வேகம். விண்டோஸ் திறப்பது, எடிட்டிங் சாஃப்ட்வேர் திறப்பது எல்லாம் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல்களைத் தேடி எடுக்கிற வேலை. ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுற்ற வேண்டும், ஊசி நகர வேண்டும். ஒவ்வொரு தேடலுக்கும் பத்து மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். எஸ்எஸ்டியில் சுற்றும் பாகமே கிடையாது. அதில் பத்தில் ஒரு மில்லி செகண்டுகூட ஆகாது. அதனால்தான் ஹார்டு டிஸ்க்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறும்போது 'அடேயப்பா' என்கிறோம். ஜென் 4-லிருந்து ஜென் 5-க்கு மாறினால் அந்த 'அடேயப்பா' வராது.

கல்யாண வீடியோவுக்கு எவ்வளவு வேண்டும்?

தம்பியின் கேமரா 4கே வீடியோவை வினாடிக்கு 100 மெகாபிட் அளவில் பதிவு செய்கிறது. 8 மெகாபிட் சேர்ந்தால்தான் ஒரு எம்பி. ஆக, வினாடிக்கு 12.5 எம்பி. நான்கு கேமரா வீடியோவை ஒரே நேரத்தில் ஓட்டினாலும் 50 எம்பி. இதற்குச் சாதாரண சாட்டா எஸ்எஸ்டியே தாராளம். எடிட்டிங்கில் படம் திக்கித் திக்கி நின்றால், பெரும்பாலும் காரணம் ராம், பிராசசர் அல்லது கிராஃபிக்ஸ் கார்டு.

மண்டபத்திலிருந்து வந்ததும் மெமரி கார்டைக் காப்பி செய்வோமே, அதைப் பாருங்கள். தம்பியிடம் இருக்கும் சாதாரண எஸ்டி கார்டு வினாடிக்கு 90 எம்பி கொடுத்தாலே பெரிது. 128 ஜிபி கார்டு காலியாக ஏறக்குறைய 24 நிமிடம். எதிர்ப்பக்கம் எந்த டிரைவ் இருந்தாலும் அதே 24 நிமிடம்தான். வாய்க்கால் அங்கே குறுகல்.

ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்கு 200 ஜிபியை மாற்றுவது போன்ற வேலைக்கு மட்டும் வேக டிரைவ் கைகொடுக்கும். சாட்டாவில் ஆறு நிமிடம் ஆவது ஜென் 4-ல் ஒரு நிமிடத்துக்குள் முடியலாம். நாள் முழுவதும் இதே வேலை என்றால் யோசிக்கலாம்.

ரெய்டு ஜீரோ: நான் பட்ட பாடு

இது வருமான வரி ரெய்டு இல்லை. இரண்டு டிரைவை ஒன்றாகக் கட்டி, ஒவ்வொரு ஃபைலையும் துண்டு போட்டு, பாதியை இதிலும் பாதியை அதிலும் எழுதுவது. வேகம் கூடும். ஆனால் இரண்டில் ஒன்று செத்தாலும் மொத்தமும் போச்சு.

சில வருடங்களுக்கு முன் நானும் வேக ஆசையில் இரண்டு ஹார்டு டிஸ்க்கை அப்படிக் கட்டினேன். ஒரு நாள் சாயங்காலம் கரண்ட் போய் வந்தது. ஒரு டிஸ்க் எழுந்திருக்கவே இல்லை. உள்ளே இருந்தது என் தங்கை கல்யாண வீடியோ. வேறு காப்பி இல்லை. மேடையில் அப்பா மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசியிருந்தார். மறு வருடம் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். ஆல்பத்தில் அவர் முகம் இருக்கிறது. குரல் இல்லை.

தம்பியிடம் இதைச் சொன்னபோது சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "வெளிநாட்டுல இருக்கிறவங்க பாதிப் பேர் கல்யாணத்தையே என் வீடியோவுலதான் அண்ணே பார்க்குறாங்க" என்றார். அவ்வளவுதான் விஷயம்.

கடைசியில் எழுதிய லிஸ்ட்

ஒன்று: விண்டோஸ், சாஃப்ட்வேர், இப்போது ஓடும் வேலைக்கு ஜென் 4 என்விஎம்இ, 1 டிபி. பிராசசருடன் நேரடியாக இணைந்த எம்.2 ஸ்லாட்டில் போட வேண்டும். எது அந்த ஸ்லாட் என்று மதர்போர்டு புத்தகத்தில் இருக்கும். பெரும்பாலும் பிராசசருக்குப் பக்கத்தில் இருப்பது. சில போர்டுகளில் இரண்டாவது எம்.2-வை நிரப்பினால் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு வேலை செய்யாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு: வாங்கும்போது 'டிஎல்சி'யா, 'க்யூஎல்சி'யா என்று கேளுங்கள். மலிவான க்யூஎல்சி சிலவற்றில், பெரிய ஃபைலைத் தொடர்ந்து எழுதும்போது கொஞ்ச நேரம் கழித்து வேகம் ஹார்டு டிஸ்க் அளவுக்கு இறங்கிவிடும். டிரைவை முழுக்க நிரப்பாமல் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள்.

மூன்று: ஹீட்சிங்க் கட்டாயம். சூடு ஏறினால் டிரைவ் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். நம்ம ஊர் மே மாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

நான்கு: முடிந்த வேலைகளுக்கு 4 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு. ஒன்று பெட்டிக்குள், மற்றொன்று வெளியே. வெளியே இருப்பது அதே வீட்டில் இருக்கக் கூடாது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூர் மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்பது ஞாபகம் இருக்கிறதல்லவா? தண்ணீர் வந்தால் இரண்டு காப்பியும் சேர்ந்தே போகும்.

ஐந்து: யுபிஎஸ். இது இல்லாமல் மேலே சொன்ன எதையும் வாங்காதீர்கள்.

ஜென் 5 இரண்டு வாங்க வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதி ராமுக்குப் போனது. மீதியில் ஹார்டு டிஸ்க்கும் யுபிஎஸ்ஸும்.

நேற்று தம்பி மறுபடி பேசினார். கம்ப்யூட்டர் ரெடி. பட்டனைத் தட்டினால் பத்து, பன்னிரண்டு வினாடியில் திறக்கிறதாம். இரண்டாவது ஹார்டு டிஸ்க் சிதம்பரத்தில் அக்கா வீட்டு பீரோவில். ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் பஸ் ஏறிப் போய்க் காப்பி போட்டு வருகிறாராம்.

"அதுதான் அண்ணே இருக்கிறதிலேயே ஸ்லோவான வேலை" என்று சிரித்தார்.

"அதை மட்டும் விட்டுடாதீங்க தம்பி" என்றேன்.