பறவைக் காய்ச்சல் வந்தால் பாதிப் பேர் இறந்துவிடுவார்களா? கணக்கில் விடுபட்டவர்கள் யார்?

பறவைக் காய்ச்சல் செய்தி வந்த அன்றே வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு வரி சுற்ற ஆரம்பித்துவிடும்: 'இது வந்தா ரெண்டு பேர்ல ஒருத்தர் காலி!' கறிக்கடையில் கூட்டம் குறையும். கொஞ்ச நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அந்த வரி முழுப் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

'50 சதவீதம்' எங்கிருந்து வந்தது?

எச்5என்1 வைரஸ் மனிதர்களைத் தாக்கியது முதலில் தெரியவந்தது 1997-ல், ஹாங்காங்கில். 18 பேருக்குத் தொற்று, 6 பேர் பலி. நகரத்தின் கோழிகள் அத்தனையும், 10 லட்சத்துக்கும் மேல், அழிக்கப்பட்ட பிறகுதான் அது நின்றது. 2003 முதல் உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் கணக்கில் 900-க்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். கிட்டத்தட்ட பாதிப் பேர் இறந்துவிட்டார்கள்.

ஆனால், இந்தப் பட்டியலில் இடம்பெறுவது பரிசோதனையில் உறுதியானவர்கள் மட்டுமே. பெரும்பாலும் நிலைமை மோசமாகி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். லேசாகக் கண் சிவந்து, மறுநாளும் பண்ணை வேலைக்குப் போனவர் இதில் வரமாட்டார். வகுக்கும் எண் சின்னதாக இருந்தால், விகிதம் பெரிதாகத்தானே தெரியும்?

தேடிப் பார்த்தால் என்ன ஆகும்?

2024 மார்ச்சில் அமெரிக்கக் கறவை மாடுகளில் இந்த வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பிறகு சுமார் 70 பேருக்குத் தொற்று உறுதியானது. பெரும்பாலோருக்குக் கண் சிவப்புதான். மிச்சிகன், கொலராடோ மாகாணங்களில் பால் பண்ணைத் தொழிலாளர்கள் 115 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 8 பேருக்குப் பழைய தொற்றின் தடயம் இருந்தது. அதில் 4 பேருக்கு உடம்பு சரியில்லாமல் போன ஞாபகமே இல்லை!

அப்போ பயப்பட வேண்டாமா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க மாடுகளில் பரவிய வகை வேறு; கம்போடியாவில் உயிர்களைப் பறித்த வகை வேறு. இப்போதைக்கு இந்த வைரஸ் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவுவதில்லை. அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் பறவைகளின் உடலில் அதிகம். மனிதர்களின் மூக்கு, தொண்டையில் குறைவு. நுரையீரலின் ஆழத்திலும் கண்ணிலும்தான் அவை இருக்கின்றன. ஆனால், கவனிக்காமல் விடும் ஒவ்வொரு தொற்றும் வைரஸ் மாறிக்கொள்ளக் கிடைக்கும் இன்னொரு வாய்ப்பு.

இந்தியாவில் 2021-ல் ஹரியானா சிறுவன், 2025-ல் ஆந்திராவில் 2 வயதுக் குழந்தை என எச்5என்1 உயிர்களைப் பறித்திருக்கிறது. இரண்டுமே நோய் முற்றி, ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு வெளியே தெரிந்தவை.

நோய் வந்த பண்ணையில் கோழிகளை அழிப்பவர்களுக்குப் பாதுகாப்பு உடை, கண்காணிப்பு என விதிகள் உண்டு. நல்லது. ஆனால், ஆண்டு முழுக்கக் கோழி பிடித்து லாரியில் ஏற்றுபவருக்கும், கறிக்கடையில் வெட்டுபவருக்கும்? அவர்களுக்கு அவ்வப்போது ரத்தப் பரிசோதனையும், காய்ச்சல் வந்தால் சம்பளத்தோடு லீவும் வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை, யாரும் 'கண்ணு சிவந்திருக்கு' என்று வந்து சொல்லப் போவதில்லை.

நன்றாக வேகவைத்த சிக்கனையும் முட்டையையும் தாராளமாகச் சாப்பிடலாம். கவலைப்பட வேண்டியது தட்டில் இருக்கும் கோழியைப் பற்றி அல்ல, அதைக் கையாளும் மனிதரைப் பற்றி.