மண்டைதீவில் காணி வாங்க எந்தக் கடன்?

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி யாழ்ப்பாணத்தை அடுத்த மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். மைதானம் வந்தால் காணி விலை ஏறும் என்று நம்பி ஈட்டுக் கடன் எடுக்க நினைப்பவர்கள் முதலில் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். வட்டி எப்போது மாறும்? உறுதிப்படி காணி எத்தனை பேருக்குச் சொந்தம்?

2022 ஏப்ரலில் இலங்கை மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த ஆண்டு முடிவதற்குள் வங்கிகளின் முதன்மைக் கடன் வீதம் 27 வீதத்தைத் தாண்டியது. மாறும் வட்டியில் கடன் எடுத்தவர்களின் தவணையும் அதோடு ஏறியது. 20 வருடத்துக்கு 40 இலட்சம் ரூபா எடுத்தவர் 12 வீத வட்டிக்கு மாதம் சுமார் 44,000 கட்டுவார். அதுவே 18 வீதமானால் சுமார் 61,700 ஆகும். சம்பளம் அப்படி ஏறாது.

ஆகவே, முதல் வருட வட்டி குறைவு என்ற விளம்பரத்தைப் பார்த்துக் கையெழுத்து வைக்கக்கூடாது. நிலையான வட்டி எத்தனை வருடம், அதன் பிறகு எந்த வீதத்தைப் பின்பற்றி மாற்றுவார்கள், உச்சவரம்பு உண்டா என்று கேட்க வேண்டும். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு, வட்டி சற்றுக் கூடினாலும் நீண்ட நிலையான காலமே நல்லது. வெளிநாட்டிலிருந்து சகோதரர் இடையிடையே மொத்தமாகப் பணம் அனுப்பும் வீடென்றால், முன்கூட்டியே கட்டினால் அபராதம் எவ்வளவு என்பதே முக்கியம்.

ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுத்து முடிக்கப்பட்ட தேசவழமை என்ற யாழ்ப்பாண வழக்காற்றுச் சட்டத்தில் ஒற்றி என்ற முறை இருக்கிறது. கடன் கொடுத்தவர் காணியை ஆண்டு அதன் விளைச்சலை வட்டிக்கு ஈடாக எடுப்பார். முதலைக் கொடுத்தால் காணி திரும்பும். வட்டி ஏறிக் கடன் பெருகும் பயம் கடனாளிக்கு இல்லை. இன்றைய வங்கிக் கடனில் அந்தப் பாதுகாப்புக்குக் கிட்ட வருவது நிலையான வட்டி மட்டுமே.

உறுதியின் கதை இன்னும் சிக்கலானது. 1990இல் யுத்தத்தால் மக்கள் இடம்பெயர்ந்த தீவு இது. ஒரு காணிக்கு உரித்தான பிள்ளைகள் கனடாவிலும் பிரான்சிலும் யாழ்ப்பாணத்திலும் பரந்து கிடப்பார்கள். 1947ஆம் ஆண்டின் தேசவழமை முன்வாங்கும் உரிமைச் சட்டப்படி, ஒருவர் தன் பங்கை விற்கும்போது கூட்டுப் பங்காளருக்கு அதை முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு அறிவிக்காமல் நடந்த விற்பனை வழக்கில் போய் நிற்கலாம். விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் கணவரின் எழுத்து மூலச் சம்மதமும் தேவை. பத்து வருடத்துக்கு மேல் ஆண்டு வந்தேன் என்று எழுதிய ஆட்சி உறுதி என்றால் இன்னும் கவனம் வேண்டும். யுத்தத்தால் நீதிமன்றம் போக முடியாதிருந்த உரித்தாளர்களுக்கு எதிராக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 2016இன் 5ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது.

வங்கிச் சட்டத்தரணி இத்தகைய காணியை மறுத்தால், கொடுத்த முற்பணம் போய்விடுமே என்று நகையை அடகு வைத்தும் தனியாரிடம் கடும் வட்டிக்கு எடுத்தும் வாங்குவது பெரும் ஆபத்து. குடியிருக்கும் ஒரே வீட்டை ஈடு வைப்பது அதைவிட மோசம். 50 இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனுக்கு வங்கிகளின் கடன் மீட்புக்கான 1990ஆம் ஆண்டின் பராட்டே சட்டத்தைப் பயன்படுத்த முடியாது. அதற்கு மேற்பட்ட கடனில், சட்டம் தற்காலிகமாக நிறுத்தப்படாத காலங்களில், வங்கி நீதிமன்றம் போகாமலே சொத்தை ஏலம் விடலாம்.

வங்கிகளுக்கும் ஒரு கடமை உண்டு. வட்டி மாறும் விதியையும் ஏல விதியையும் தமிழில் எழுதி, கையெழுத்துக்கு முன்பே வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டும்.